காற்றைப் பங்கிடலாம், எடையைப் பங்கிட முடியாது

ஈரோட்டிலிருந்து ஊட்டிக்குச் சாலை வழியே ஏறக்குறைய 150 கிலோமீட்டர். பெருந்துறை, அவினாசி, அன்னூர், மேட்டுப்பாளையம், குன்னூர் என்று போகும் அந்தப் பாதையை நீண்டதூரச் சைக்கிள் பயணக் குழு ஒன்று ஒரே நாளில் கடப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் பன்னிரண்டு பேர். அதிகாலை ஐந்தரைக்குப் புறப்பட்டு, இருட்டுவதற்குள் ஊட்டி போய்ச் சேரவேண்டும்.

முதல் 100 கிலோமீட்டருக்கு யாரும் யாரையும் விட்டுப் போவதில்லை. ஒருவருடைய மூச்சிரைப்பு அடுத்தவருக்குக் கேட்கிற நெருக்கத்தில் வரிசை நகரும். மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு வந்ததும் வரிசை அறுந்துபோகும். குன்னூரில் முதல் ஆள் வடையும் டீயும் முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். கடைசி ஆள் வந்துசேர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். நடுவில் சண்டை எதுவும் வந்துவிடவில்லை. யாரும் வேண்டுமென்றே வேகம் எடுக்கவுமில்லை. காலையில் அவர்களைச் சேர்த்துவைத்த விசை வேறு, மதியம் பிரித்த விசை வேறு. அவ்வளவுதான். இந்த அத்தியாயம் அந்த ஒரு நாளின் கணக்கு.

மூன்று செலவுகள்

மிதிப்பவர் செலவிடும் திறன் மூன்று இடங்களில் கரைகிறது: காற்று, டயர், ஏற்றம். செயினில் போவது சொற்பம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1999இல் சோதித்தபோது, செயின் தன்னிடம் வந்த ஆற்றலில் அதிகபட்சமாக 98.6 சதவீதத்தைப் பின்சக்கரத்துக்குக் கடத்தியது. மனிதன் செய்த இயந்திரங்களில் இத்தனை சிக்கனமானவை குறைவு.

டயர் தரையைத் தொடும் இடத்தில் நசுங்குகிறது, தாண்டியதும் நிமிர்கிறது. நசுங்கும்போது வாங்கிய ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை; கொஞ்சத்தை வெப்பமாக வைத்துக்கொள்கிறது. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்றுசக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் மாட்டினார். திடமான ரப்பர் ஒவ்வொரு கல்லிலும் வண்டியையும் ஆளையும் தூக்கிப்போட்டது. காற்றடைத்த டயர் அந்தக் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு உருண்டது. சைக்கிள் பரவலான வாகனம் ஆனதில் இந்த மாற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது எண்களுக்கு வருவோம். ஆளும் வண்டியும் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்து 80 கிலோ என்று கொள்வோம். காற்று வீசாத காலையில், சமமான தார்ச்சாலையில், மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் தனியாகப் போக சுமார் 140 வாட் வேண்டும். அதில் 100 வாட் காற்றை விலக்கவே போய்விடுகிறது. டயருக்கு 37 வாட் அளவில். மிச்சம் செயினுக்கு.

காற்றின் பங்கு ஏன் இவ்வளவு பெரிது? வேகம் இரண்டு மடங்கானால் எதிர்க்கும் விசை நான்கு மடங்காகிறது. ஒவ்வொரு நொடியிலும் கடக்கவேண்டிய தூரமும் இரண்டு மடங்காகிவிடுவதால், தேவைப்படும் திறன் எட்டு மடங்காகிறது. நம் 80 கிலோக்காரருக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்கு 27 வாட் போதும். 36 கிலோமீட்டரில் 215 வாட் வேண்டும். சாதாரண ஆட்கள் சமவெளியில் 30ஐத் தாண்டியதும் சுவரில் முட்டுவதுபோல் உணர்வதற்குக் காரணம் காலில் இல்லை, இந்த மும்மடிக் கணக்கில் இருக்கிறது.

முன்னே போகிறவர் செலுத்தும் கட்டணம்

சைக்கிளில் உட்கார்ந்த மனித உடல் காற்றுக்கு மிக மோசமான வடிவம். முன்பக்கம் காற்று மோதி அழுத்தம் கூடுகிறது. முதுகுக்குப் பின்னால் காற்று சீராக ஒன்றுசேர முடியாமல் சுழல்களாக உடைந்து அழுத்தம் குறைகிறது. முன்னே தள்ளும் அழுத்தத்துக்கும் பின்னே இழுக்கும் வெறுமைக்கும் உள்ள வித்தியாசம்தான் இழுவையில் பெரும்பகுதி. அந்தச் சுழல் பகுதிக்குள் இன்னொருவர் நுழைந்துவிட்டால், அவரைச் சந்திக்கும் காற்று ஏற்கெனவே கலைந்து, வண்டியோடு சேர்ந்து முன்னோக்கி நகர்ந்துகொண்டிருக்கும் காற்று. அதை அவர் புதிதாக விலக்கவேண்டியதில்லை.

எவ்வளவு மிச்சம்? 1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மிதிப்பவர்கள் உள்ளிழுக்கும் ஆக்சிஜனை நிஜச் சாலையிலேயே அளந்து பார்த்தது. மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவருக்குப் பின்னால் ஒட்டிப் போனால் ஆக்சிஜன் தேவை 18 சதவீதம் குறைந்தது. 40 கிலோமீட்டரில் 27 சதவீதம். எட்டுப் பேர் கூட்டமாகப் போகையில் பின்னால் இருந்தவருக்கு 39 சதவீதம். பெரிய பந்தயக் கூட்டங்களில் கணக்கு இன்னும் வியப்பூட்டும். நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ட் பிளாக்கன் 2018இல் 121 பேர் கொண்ட கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்தார். கூட்டத்தின் ஆழத்தில் இருப்பவர் சந்திக்கும் இழுவை, தனியாகப் போகிறவரின் இழுவையில் 5 முதல் 10 சதவீதம் மட்டுமே. திருவிழா நெரிசலில் முண்டியடித்து வழிசெய்துபோகும் ஆளின் முதுகைப் பிடித்துக்கொண்டு போகிறவரின் சுகம் அது.

முன்னே போகிறவருக்கு ஒன்றுமே கிடைக்காதா? கொஞ்சம் கிடைக்கும். பின்னால் ஒருவர் வரும்போது நடுவிலுள்ள வெறுமை ஓரளவு நிரம்புகிறது. அதனால் முன்னவரின் இழுவையும் அதிகபட்சம் 2, 3 சதவீதம் குறைகிறது. மற்றபடி முழுக் கட்டணமும் அவருடையதே. அதனால்தான் முறை வைத்துக்கொள்கிறார்கள்.

நம் பன்னிரண்டு பேரும் ஆறாறு பேராக இரண்டு வரிசை பிரித்துக்கொள்கிறார்கள். பின்னால் வரும் லாரியும் பேருந்தும் முந்திச்செல்ல நடுவே இடம் விடுகிறார்கள். ஒவ்வொரு வரிசையிலும் முன்னவர் சில நிமிடங்கள் இழுத்துவிட்டு, பின்னால் ஒரு பார்வை பார்த்து, வலப்பக்கம் சற்றே ஒதுங்கி வேகத்தைத் தளர்த்துகிறார். வரிசை அவரைக் கடந்துபோக, கடைசி ஆளுக்குப் பின்னால் சேர்ந்துகொள்கிறார். பின்னே இருப்பவர்களுக்குக் காற்றுச் செலவில் மூன்றிலொரு பங்கு மிச்சம் என்று எடுத்துக்கொண்டால், அவர்களுக்குத் தேவை 140 வாட் இல்லை, 106 வாட் அளவே. ஆறில் ஒரு பங்கு நேரம் முன்னேயும் ஐந்து பங்கு பின்னேயும் கழிப்பவருக்குச் சராசரி 112 வாட்.

இங்கே அனுபவசாலிகள் கறாராகச் சொல்லும் விதி ஒன்று உண்டு. பலசாலி முன்னே வரும்போது அதிக நேரம் இழுக்கலாம், அதிக வேகமாக இழுக்கக் கூடாது. வேகத்தைக் கூட்டினால் மும்மடிக் கணக்கு எல்லோர் தலையிலும் விழும். நேரத்தைக் கூட்டினால் அந்தச் சுமை அவரோடு முடிந்துவிடும்.

பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருவது

மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவராக நிற்கிறது. அதில் பெரிய திறப்பு பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக் காலத்தில் அரபிக்கடல் காற்று அந்தத் திறப்பில் புகுந்து கோவை, திருப்பூர் சமவெளியில் விசிறியடிக்கிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது அதனால்தான். ஆடி மாதத்தில் ஈரோட்டிலிருந்து மேற்கே மிதிக்கிறவருக்கு அந்தக் காற்று நேர் எதிரே வரும்.

எதிர்க்காற்றின் கணக்கு கொடூரமானது. விசையைத் தீர்மானிப்பது சாலையில் போகும் வேகம் அல்ல. காற்றுக்கும் உடலுக்கும் இடையிலான வேகம். 15 கிலோமீட்டர் எதிர்க்காற்றில், 28 கொடுத்த அதே 140 வாட் வெறும் 20 கிலோமீட்டரே கொடுக்கும். 100 கிலோமீட்டர் சமவெளி மூன்றரை மணி நேரத்திலிருந்து ஐந்து மணி நேரமாக நீளும். அதே சமயம் பின்னால் ஒட்டிப் போகிறவருக்கு மிச்சமாகும் பங்கும் பெருகும். எதிர்க்காற்று பலமாக இருக்கும் நாளில் குழு இன்னும் இறுகுகிறது. சோர்ந்தவரைத் தனியே விட்டுவிட்டுப் போவது மிகப் பெரிய துரோகமாகும் நாளும் அதுவே.

அவினாசியில் வடமேற்கே திரும்பி அன்னூர்ச் சாலையைப் பிடித்ததும் அதே காற்று இடப்பக்கம் அடிக்கத் தொடங்கும். இப்போது மறைவிடம் முன்னவரின் நேர் பின்னால் இல்லை. அவருக்குப் பின்னே சற்று வலப்புறம் இருக்கிறது. ஐரோப்பியப் பந்தயங்களில் இப்படிக் காற்றடித்தால் சாலை அகலம் முழுவதும் சாய்கோடாக விரிந்து போவார்கள். போக்குவரத்து நிறுத்தப்பட்ட சாலையில் அது சரி. நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். வலப்புறம் விரிந்தால் எதிரே வரும் பேருந்தின் பாதையில் போய் நிற்போம். ஆகவே இரண்டு மூன்று பேர் மட்டும் மறைவு பெறுவார்கள், மற்றவர்கள் வெள்ளைக் கோட்டோரம் காற்றில் நனைவார்கள். அறிவியல் காட்டும் இடம் எல்லா நேரமும் போய் நிற்கக்கூடிய இடம் அல்ல.

வரிசையின் வால்

கடைசியில் வருகிறவருக்குக் காற்று குறைவு, ஆனால் நிம்மதியும் குறைவு. முன்னவர் ஒரு பள்ளத்தைப் பார்த்துப் பெடலை ஒரு நொடி நிறுத்துகிறார். இரண்டாமவர் அதைக் கண்டு உணர்ந்து செயல்படச் சிறிது தாமதமாகிறது. இடைவெளி சுருங்கிவிட்டதால் அவர் கொஞ்சம் அதிகமாகவே வேகம் குறைக்க நேரிடுகிறது. மூன்றாமவர் அதைவிட அதிகம். ஆறாமவர் பிரேக்கையே பிடிக்கவேண்டி வரும். ஜப்பானில் 2008இல் யூக்கி சுகியாமாவும் அவர் சகாக்களும் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களைச் சீராக ஓட்டச் சொன்னார்கள். எந்தத் தடையும் இல்லாமலே சற்று நேரத்தில் நெரிசல் அலை ஒன்று முளைத்துப் பின்னோக்கி நகர்ந்தது. சைக்கிள் வரிசையின் வாலும் அதே அலையில்தான் ஆடுகிறது.

அந்த ஆட்டத்துக்கும் விலை உண்டு. 28லிருந்து 22க்குப் பிரேக் பிடித்து மறுபடி 28ஐ எட்ட, 80 கிலோவுக்கு 900 ஜூலுக்கு மேல் போகிறது. பிரேக்கில் தேய்ந்து வெப்பமான அந்த ஆற்றல் திரும்பி வராது. நூறு தடவை இப்படி நடந்தால் காலையில் மிச்சம் பிடித்ததில் நல்ல பகுதி காணாமல் போய்விடும். முன்னவர் கையை இறக்கிப் பள்ளம் இருக்கும் பக்கம் காட்டுவதும், “ஸ்பீடு பிரேக்கர்!” என்று கத்துவதும், அந்தக் குரல் ஒவ்வொருவராகப் பின்னே கடத்தப்படுவதும் இதற்காகத்தான். கண்ணால் பார்த்து உணரும் தாமதத்தைக் குரல் முந்திக்கொள்கிறது. தகவல் முன்கூட்டியே கிடைத்தவருக்குப் பிரேக் தேவைப்படாது. மிதிப்பதைச் சற்று நிறுத்தினாலே போதும்.

ஒரே சைக்கிள், இரண்டு விஞ்ஞானிகள், ஆளுக்கொரு கால்

மேட்டுப்பாளையத்தில் சாப்பாட்டு நிறுத்தம். இதுவரை 100 கிலோமீட்டர், இனிதான் மலை. இலையில் விழும் சோறு எங்கே போகிறது என்பதைப் பார்க்க 1960களின் ஸ்வீடனுக்குப் போகவேண்டும்.

தசை தன் எரிபொருளைக் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சங்கிலியாகச் சேமிக்கிறது. ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த யோனாஸ் பெரிஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மன் என்ற இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் அதை நேரடியாக அளக்க விரும்பினார்கள். சோதனைக்கு ஆள் தேடவில்லை, தாங்களே உட்கார்ந்தார்கள். நிலையாக நிறுத்திய ஒரே சைக்கிளின் இருபுறமும் இருந்துகொண்டு ஒருவர் ஒரு பெடலையும் மற்றவர் மறு பெடலையும் ஒற்றைக் காலால் மிதித்தார்கள். களைத்துப் போனபின் இரு தொடைகளிலும் ஊசி செலுத்தித் தசைத் துணுக்குகளை எடுத்தார்கள். மிதித்த காலில் கிளைகோஜன் ஏறக்குறைய காலி. சும்மா இருந்த காலில் அப்படியே இருந்தது. பிறகு சில நாட்கள் மாவுச்சத்து நிறைந்த உணவு சாப்பிட்டார்கள். உழைத்த கால், சும்மா இருந்த காலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நிரப்பிக்கொண்டது. இந்த முடிவு 1966இல் வெளியானது. விளையாட்டு உணவியலின் அடித்தளங்களில் ஒன்று அது.

அந்தச் சோதனைக்குள் இன்னொரு செய்தி இருக்கிறது. சும்மா இருந்த கால் ஏன் தன் சேமிப்பை உழைத்த காலுக்குக் கொடுக்கவில்லை? கொடுக்க வழியில்லை. கிளைகோஜனை உடைத்து வெறும் குளுக்கோஸாக ரத்தத்தில் விட ஒரு நொதி வேண்டும். கல்லீரலிடம் அது இருக்கிறது, தசையிடம் இல்லை. தசை சேர்த்தது தசைக்கே. ரத்தத்தின் வழியே பொதுவில் பங்கிடப்படுவது கல்லீரல் விடும் குளுக்கோஸும், குடலிலிருந்து புதிதாக வருவதும், கொழுப்பிலிருந்து பிரியும் அமிலங்களுமே.

தசையும் கல்லீரலும் சேர்த்து ஒரு நாளில் வைத்திருக்கும் கிளைகோஜன் சுமார் 400 முதல் 500 கிராம். அதாவது 2,000 கிலோகலோரி வரை. நம் பயணம் கேட்பது 3,200 கிலோஜூல் இயந்திர வேலை. மனிதத் தசையின் செயல்திறன் நூற்றுக்கு 20 முதல் 25 வரை. ஒரு கிலோகலோரி 4.2 கிலோஜூல் என்பதால், இரண்டு எண்களும் ஒன்றையொன்று ஏறக்குறைய அடித்துக்கொள்கின்றன: எத்தனை கிலோஜூல் வேலை செய்தோமோ, அத்தனை கிலோகலோரி எரித்திருப்போம். ஆக, 3,200 கிலோகலோரி. கிளைகோஜன் மட்டும் போதாது. கொழுப்பு ஏராளம், ஆனால் மெதுவாகத்தான் எரியும். வேகத்தைக் கூட்டக் கூட்ட உடல் சர்க்கரையையே அதிகம் கேட்கும்.

எனவே ஓடும்போதே ஊட்டவேண்டும். குடல் மணிக்குச் சுமார் 60 கிராம் குளுக்கோஸை உள்ளே விடும். பழச்சர்க்கரை தனி வாசல் வழியே போவதால், இரண்டையும் கலந்து பழகியவர்கள் 90 கிராம் வரை போகலாம். வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவுக்கு மாவுச்சத்து, இரண்டு சர்க்கரைகளும் அதிலேயே உண்டு. சட்டைப்பையில் கடலை மிட்டாயும் பழமும் வைத்துக்கொண்டு, பசிப்பதற்கு முன்பே மணிக்கு ஒரு தடவை வாயில் போடுகிறவர் குன்னூர் வரை பேசிக்கொண்டு போவார். மறந்தவர், ரத்தச் சர்க்கரை இறங்கி, காட்டேரி வளைவில் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து உலகத்தை வெறுப்பார்.

கல்லாறுக்குப் பிறகு

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்துக்கு மேலே 326 மீட்டர். குன்னூர் ரயில் நிலையம் 1,712 மீட்டர். கல்லாறு தாண்டியதும் சாலையும் நீலகிரி மலை ரயிலும் ஒரே சரிவை வெவ்வேறு வழிகளில் எதிர்கொள்கின்றன. இருப்புச் சக்கரம் இருப்புப் பாதையில் மிகக் குறைந்த தடையோடு உருளும். அதே காரணத்தால் பிடிப்பும் குறைவு. பன்னிரண்டு மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும் சரிவில் அது வழுக்கிவிடும். 1899இல் குன்னூர் வரை திறக்கப்பட்ட அந்தப் பாதையில் கல்லாறு முதல் நடுவே பல் தண்டவாளம் பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்வி ஏறும்படி செய்தார்கள். அந்தப் பகுதியில் ரயிலின் உச்ச வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர். நம் குழுவில் வலுவானவர்களின் வேகமும் ஏறக்குறைய அதுவே.

சாலை இன்னும் நிதானமாக வளைந்து, சராசரியாக நூற்றுக்கு ஐந்து என்ற சரிவில் ஏறுகிறது. 80 கிலோவை மணிக்கு 10 கிலோமீட்டரில் ஏற்ற 130 வாட் வேண்டும். காலையில் 28 கிலோமீட்டர் கொடுத்த அதே உழைப்பு இப்போது 10 கொடுக்கிறது. அந்த 130இல் காற்றின் பங்கு 4 வாட். முன்னவரின் முதுகில் எவ்வளவு ஒட்டிப் போனாலும் மிச்சமாவது ஒரு வாட் சொச்சம். 109 வாட் ஈர்ப்புக்கு எதிராக எடையைத் தூக்கப் போகிறது. அந்த விசைக்கு முன்னே யார் போகிறார், பின்னே யார் வருகிறார் என்பது தெரியாது.

குழுவில் இரண்டு பேரை ஒப்பிடலாம். வண்டியோடு சேர்த்து ஒருவர் 65 கிலோ, மற்றவர் 95 கிலோ. இருவராலும் நெடுநேரம் 150 வாட் கொடுக்க முடியும். சமவெளியில் தனித்தனியே விட்டால் ஒல்லியானவர் 31 கிலோமீட்டர், பருத்தவர் 28. பருத்தவர் ஒல்லியானவரின் பின்னால் ஒட்டிக்கொண்டால் அதே 150 வாட்டுக்குள் அவரும் 31ஐப் பிடித்துவிடுவார். மறைவு, எடையின் வித்தியாசத்தை அப்படியே அழித்துவிடுகிறது. ஏற்றத்தில் ஒல்லியானவர் ஏறக்குறைய 14 கிலோமீட்டர் வேகத்தில் போக, பருத்தவரால் 10தான் முடியும். 28 கிலோமீட்டர் ஏற்றம் ஒருவருக்கு இரண்டு மணி நேரம். மற்றவருக்கு இரண்டே முக்கால் மணிக்கும் சற்று மேல். குன்னூர் டீக்கடையில் காத்திருப்பின் கணக்கு இதுதான்.

ஒல்லியானவர் கூடவே மெதுவாக வரலாமே என்று தோன்றும். வரலாம், பேச்சுத்துணை கிடைக்கும், வாட்டில் எதுவும் குறையாது. ஏற்றத்தில் ஒவ்வொருவருக்கும் தன் மூச்சுக்குப் பொருந்தும் வேகம் ஒன்று உண்டு. அதைவிட மேலே போனால் கிளைகோஜன் அள்ளிக்கொண்டு போகும். ஆகவே பருத்தவர் ஒல்லியானவரைத் துரத்துவதுதான் தவறு. பிரிந்து போவது தவறில்லை.

பற்களின் எண்ணிக்கை

திறன் ஒன்றேதான் என்றாலும் அதைக் கால் எப்படிக் கொடுக்கிறது என்பதில் பெரிய வித்தியாசம் உண்டு. முன்னே 44 பல், பின்னே 18 பல் கொண்ட பழைய ஒற்றைக் கியர் சைக்கிளில் 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால், கால் நிமிடத்துக்கு 32 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு கணமும் பெடலில் சராசரியாக 23 கிலோ அழுத்தம் கொடுக்கவேண்டும். முன்னே 34, பின்னே 32 உள்ள வண்டியில் அதே வேகத்துக்கு 75 சுற்று, 10 கிலோ அழுத்தம். அழுத்தம் கூடும்போது தசையில் வேகநார்கள் வேலைக்கு இறங்குகின்றன. அவை சர்க்கரையை விரைவாகத் தீர்ப்பவை, விரைவில் களைப்பவை.

இதைப் பிரசாரமாகவே செய்தவர் பிரான்சின் பால் த விவி. ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் எழுதி, செயின்ட் எத்தியேன் நகருக்கு மேலேயுள்ள மலைச்சாலையில் பல கியர் வண்டிகளை ஏற்றிக் காட்டினார். பந்தய உலகம் எளிதில் மசியவில்லை. கியர் என்பது பலவீனரின் ஊன்றுகோல் என்ற எண்ணம் இருந்தது. டூர் டி பிரான்ஸ் பந்தயம் செயினை இடம்மாற்றும் கியரை 1937இல்தான் அனுமதித்தது. வெலோசியோ அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டார்.

விசிறி நின்றபின்

உடல் எரிப்பதில் கால்பங்குக்குக் குறைவே பெடலுக்குப் போகிறது. ஏற்றத்தில் 130 வாட் வேலை செய்பவர் கூடவே 430 வாட் வெப்பத்தையும் உண்டாக்குகிறார். சமவெளியிலும் இதற்குச் சற்றே குறைவான வெப்பம்தான். ஆனால் அங்கே 28 கிலோமீட்டர் வேகக் காற்று வியர்வையை உடனே ஆவியாக்கியது. காலை முழுக்கத் திட்டிக்கொண்டு வந்த அந்தக் காற்று, ஏற்றத்தில் 10 கிலோமீட்டராகச் சுருங்கியதும்தான் அது செய்துவந்த உபகாரம் புரிகிறது.

ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். இந்த ஏற்றத்துக்கு மணிக்கு முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போதும். ஆவியாகாமல் மூக்கு நுனியிலிருந்து சொட்டும் வியர்வை எதையும் குளிர்விப்பதில்லை. உப்பையும் நீரையும் வீணாக்குகிறது, அவ்வளவே. அதனால் இழப்பு கணக்கைவிட அதிகமாகும். வெறும் தண்ணீரை மேலும் மேலும் குடிப்பது தீர்வல்ல. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனால் தலைவலி, குமட்டல், மிஞ்சினால் உயிராபத்து. இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தால் தேவலை. உப்புப் போட்ட மோர் இந்த விஷயத்தில் கெட்டிக்காரப் பானம்.

நல்லவேளையாக உயரம் ஒத்துழைக்கிறது. கிலோமீட்டருக்கு 6 டிகிரி சொச்சம் வெப்பம் இறங்கும். மேட்டுப்பாளையத்தில் 32 டிகிரி என்றால் ஊட்டியில் 20. ஆனால் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 77 சதவீதம்தான். நுரையீரல் அதே அளவு காற்றை இழுத்தாலும் ஆக்சிஜன் குறைவு. உடலின் உச்ச உழைப்புத் திறன் பத்து சதவீதம் அளவுக்குச் சரியும். குன்னூரிலிருந்து ஊட்டிவரை உள்ள கடைசி 18 கிலோமீட்டர், சரிவு குறைந்தும் நீளமாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

என்ன பங்கிடப்பட்டது

எடையையும் பங்கிட ஒரு வழி இருக்கிறது: மூட்டையைப் பின்தொடரும் வேனில் போடுவது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 10 கிலோ மூட்டையைத் தூக்கிச் செல்ல 188 கிலோஜூல் வேண்டும். அதை டீசல் பார்த்துக்கொள்கிறது. சொந்த உடலை அப்படி ஒப்படைக்க முடியாது, அதற்கு வேனிலேயே ஏறிவிடவேண்டியதுதான்.

ஆனால் காலைக் கணக்கை இன்னொரு முறை பார்ப்போம். முறை வைத்து இழுத்ததால் ஒவ்வொருவருக்கும் சராசரியாக 28 வாட் மிச்சம். மூன்றரை மணி நேரத்துக்கும் மேலான சமவெளிப் பயணத்தில் அது சேர்ந்து 360 கிலோஜூல் ஆகிறது. 80 கிலோவை மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குத் தூக்க வேண்டியது 1,100 கிலோஜூல். ஏற்றத்தில் மூன்றிலொரு பங்கை வரிசை முன்கூட்டியே செலுத்திவிட்டது. உண்மையில் அதைவிடவும் கூடுதலாக: மெதுவாக உழைக்கும் உடல் கொழுப்பையே அதிகம் எரிக்கும் என்பதால், மலைக்குத் தேவையான சர்க்கரை தசையில் பத்திரமாகத் தங்கியிருக்கும்.

எனவே யார் முன்னே இழுப்பது என்று காலையில் தீர்மானிக்கும்போதே மலையையும் மனதில் வைக்கவேண்டும். ஏற்றத்தில் எளிதாகப் போகும் ஒல்லியானவர்கள் சமவெளியில் அதிக நேரம் முன்னே நிற்கட்டும். எடை கூடியவர்களும் பழக்கம் குறைந்தவர்களும் நடுவே ஒளிந்துகொள்ளட்டும். இது கருணையாகவும் இருக்கலாம், கணக்காகவும் இருக்கலாம். குன்னூரில் காத்திருக்கும் நேரம் குறையும். மலைப்பாதையில் பக்கத்தில் வந்து தட்டிக்கொடுப்பதில் தோழமை உண்டு, வாட் இல்லை. ஏற்றத்தில் ஒருவருக்கு உதவ நினைப்பவர் அவினாசிக்கு முன்பே உதவியிருக்கவேண்டும்.